காற்றின் தாகம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நெத்திலி காயவைக்கும் ஒரு பெண்மணியிடம், "இது காய எவ்வளவு நேரம் ஆகும், அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் விடை கிடைக்காது. "காற்று எப்படி அடிக்கிறதோ, அப்படி" என்பார். வெயிலைச் சொல்லாமல் காற்றைச் சொல்கிறாரே என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு பொருள் காய்வதற்கு வேண்டியது வெப்பம் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விடையில் எவ்வளவு பௌதிகம் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். அதே கணக்கு, மீனோடு சிறிதும் சம்பந்தமில்லாத இன்னொரு தொழிலுக்கும் பொருந்துகிறது. திருமண அழைப்பிதழும் பனியன் படமும் அச்சிடுகிறார்களே, அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் மழைக்காலம் வந்தால் ஒரு தலைவலி தொடங்கும். அதற்கும் மருந்து இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதலில் மீனைப் பார்ப்போம். பிறகு அச்சுக் கடைக்குப் போவோம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த வேலமரங்களைவிட இன்று ஏரிதான் புகழ்பெற்றது. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இதுவே பெரியது. பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. தென்கோடி தமிழ்நாட்டில் இருக்கிறது. ராக்கெட்டுகள் பறக்கின்ற ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் மணல் சுவர். ஏரியின் ஆழம் பல இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவைத் தாண்டாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று கரையெங்கும் மீனவர் குப்பங்கள். ஆண்கள் பிடித்து வரும் மீனில் பச்சையாக விலைபோவது போக, மிஞ்சிய நெத்திலி, காரப்பொடி, வாளை, சென்னாக்குனி எல்லாம் கருவாடாகின்றன. காயவைப்பதும் விற்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

இந்த வேலையில் பிழைக்க இடமில்லாத ஒரு பந்தயம் இருக்கிறது. ஒரு பக்கம் மீனிலிருந்து நீர் வெளியேற வேண்டும். மறுபக்கம் பாக்டீரியாக்கள் மீனைத் தின்னத் தொடங்கியிருக்கும். ஈக்கள் முட்டையிடக் காத்திருக்கும். நீர் முந்தினால் கருவாடு. பாக்டீரியா முந்தினால், கூடையோடு கொண்டுபோய்க் குழியில் கொட்ட வேண்டியதுதான். வாங்கிய மீனுக்குக் கொடுத்த பணமும் உப்புக்குக் கொடுத்த பணமும் அதோடு போயிற்று. பஸ்ஸில் கருவாட்டுக் கூடை ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள், அந்தக் கூடை எந்தப் பந்தயத்தில் வென்று வந்தது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பத்துக் கிலோ நெத்திலியின் கணக்கு

பச்சை மீனின் எடையில் முக்கால் பங்கு நீர். பத்துக் கிலோ நெத்திலியில் ஏழரைக் கிலோ நீர், இரண்டரைக் கிலோதான் சதையும் முள்ளும். ஈரம் எடையில் 25 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வேலை செய்ய முடியாது. 15 சதவிகிதத்துக்கு இறங்கினால் பூஞ்சையும் அடங்கிவிடும். 15 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிலோ பச்சை நெத்திலி ஏறத்தாழ மூன்று கிலோ கருவாடாகும். ஏழு கிலோ நீர் போயாக வேண்டும்.

நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி தேவை. ஏழு கிலோவுக்கு 40 லட்சம் கலோரிக்கு மேல்! அந்த வெப்பத்தைக் கொண்டு 58 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். இதற்கு விறகு வாங்குவதென்றால் கருவாடு தங்க விலை விற்கும். நல்லவேளையாகச் சூரியன் இலவசமாகத் தருகிறான். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெப்பம், சிறிதும் வீணாகாமல் பயன்பட்டால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோ நீரை ஆவியாக்கப் போதும். நடைமுறையில் பாதிகூட மீனுக்குப் போய்ச் சேராது என்பது வேறு விஷயம். ஆனால் மீனை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் பத்துக் கிலோவுக்குப் பல சதுர மீட்டர் இடம் பிடிக்கும் அல்லவா? ஆகவே வெப்பத்துக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறோர் இடத்தில் வருகிறது. ஆவியான நீர் எங்கே போய்த் தங்கும்? காற்றில்தான். காற்றில் இடம் இருக்கிறதா?

ஒரு கனமீட்டர் காற்றில் இவ்வளவு நீராவிதான் இருக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்ட காற்றைத் தெவிட்டிய காற்று என்கிறோம். எல்லை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். பத்து டிகிரி கூடும்போதெல்லாம் கொள்ளளவு ஒன்றே முக்கால் மடங்காகிறது. காற்றில் உண்மையாக இருக்கும் நீராவி, அதன் எல்லையில் எத்தனை சதவிகிதமோ அதுவே ஒப்பு ஈரப்பதம். வானொலியிலும் செய்தித்தாளிலும் வானிலை அறிக்கையில் வருவது இந்த எண்தான்.

இப்போது இரண்டு நாட்களை ஒப்பிடுவோம். ஒன்று மே மாத நண்பகல். மேற்கேயிருந்து நிலக்காற்று வீசுகிறது. வெப்பநிலை 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 40 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரியில் எல்லை 46 கிராம். அதில் 40 சதவிகிதம் 18½ கிராம் ஏற்கெனவே இருக்கிறது. மீதி இடம் 27½ கிராம். மற்றொன்று நவம்பரில் மழை விட்டிருக்கும் ஒரு காலை. 26 டிகிரி, 95 சதவிகிதம். எல்லை 24½ கிராம். உள்ளே இருப்பது 23 கிராமுக்குச் சற்று அதிகம். மீதி இடம் ஒன்றேகால் கிராம்கூட இல்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு நாளும் காற்றில் இருக்கும் நீரின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. 18½ எங்கே, 23 எங்கே, அவ்வளவுதான். ஆனால் மீதி இடத்தில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! மே மாதக் காற்று தாகத்தோடு வருகிறது. நவம்பர்க் காற்று வயிறு நிறையக் குடித்துவிட்டு வருகிறது. எவ்வளவு நேரம் மீனைக் கரையில் பரப்பி வைத்தாலும் குடித்து முடித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த கதைதான்.

தாகமுள்ள காற்று இருந்தால் மட்டும் போதாது. அது நகரவும் வேண்டும். ஈரமான எந்தப் பொருளின் மேலும் மெல்லிய போர்வைபோல ஒரு காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். மீனிலிருந்து வெளிவரும் நீராவி முதலில் இந்தப் படலத்தில் நிறைகிறது. படலம் தெவிட்டிவிட்டால், பத்தடி தள்ளி எவ்வளவு உலர்ந்த காற்று இருந்தும் பயனில்லை. காற்று வீசினால் அந்தப் போர்வை மெலிந்து கிழிந்துபோகும். புதுக் காற்று வந்து தொடும். கடல் காற்று ஈரமுள்ளதுதான். ஆயினும் பிற்பகலில் அது விறுவிறுவென்று வீசத் தொடங்கும்போது மீன் காய்வது நின்றுவிடுவதில்லை. இடம் குறைந்தாலும் வேகம் கூடி ஓரளவு ஈடு செய்கிறது.

குப்பங்களில் வெறும் மணலில் பரப்பிய மீனைவிட, கம்புகள் நட்டு அதன்மேல் பழைய வலையை இழுத்துக் கட்டி அதில் பரப்பிய மீன் சீக்கிரம் காய்வதன் காரணமும் இதுவே. மணலில் கிடக்கும் மீனுக்கு ஒரு முகம்தான் காற்றில் படுகிறது. வலையில் கிடப்பதற்கு இரண்டு முகமும் காற்றில் படும். மணல் ஒட்டாது, நண்பகல் மணலின் சூட்டில் அடிப்பக்கம் வேகாது என்பவை உபரி லாபம். நெத்திலியைக் கட்டைவிரல் கனத்தில் குவிக்காமல் ஒற்றையாகப் பரப்புகிறார்களே, அதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் சுட்டு எடுத்தால் என்ன?

பத்து டிகிரி கூட்டினால் காற்றின் கொள்ளளவு இவ்வளவு ஏறுகிறதே. மீனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து 70, 80 டிகிரியில் காயவைத்துவிட்டால் மழையைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம். நல்ல கேள்வி. செய்தால் இரண்டு கேடுகள் வரும்.

முதலாவது, மீன் வெந்துவிடும். ஈரத்தோடு இருக்கும் மீனின் சதைப் புரதம் 50 டிகிரியைத் தாண்டினாலே உருமாறத் தொடங்குகிறது. வெந்த சதை பிறகு காய்ந்தாலும் உதிரும். கருவாட்டின் கட்டுறுதி அதற்கு வராது.

இரண்டாவது கேடு இன்னும் சூழ்ச்சியானது. காய்வதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மேற்பரப்பில் உள்ள ஈரம் போகிறது. அப்போது வேகம் முழுவதும் காற்றின் கையில். மேற்பரப்பு காய்ந்த பிறகு, உள்ளே இருக்கும் நீர் சதையின் வழியே மெல்ல ஊர்ந்து வெளியே வர வேண்டும். இப்போது வேகம் மீனின் கையில். இந்த ஊர்தலுக்கு ஆகும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. அதனால்தான் நெத்திலியை முழுதாகப் போடுகிறார்கள்; பெரிய மீனை முதுகில் கீறிப் பிளந்து விரிக்கிறார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மேல்தோல் மட்டும் காய்ந்து கெட்டித்து ஓடுபோல் மூடிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் நீருக்கு வழி அடைபட்டுவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த கருவாடு. நான்கு நாள் கழித்துப் பிளந்து பார்த்தால் நடுவில் நாற்றம்.

வெளியே காய்ந்தது, உள்ளே ஈரம். சூடேற்றவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. இந்த இக்கட்டு மீனுக்கு மட்டும் உரியதன்று. மழைக்காலத்தில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரரும் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அலுத்துக்கொள்வார். அங்கே காய வேண்டிய பொருள் ஒரு துணித் திரை.

மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். முற்காலத்தில் பட்டு, இப்போது நைலான் அல்லது பாலியெஸ்டர். அந்தத் துணியில் எமல்ஷன் என்ற பசைக் குழம்பைப் பூசுகிறார்கள். அது நீரில் கரைந்த பசையோடு ஒளிக்கு மசியும் ஒரு வேதிப்பொருள் கலந்த கலவை. பூச்சு காய்ந்ததும், கறுப்பில் படம் வரைந்த ஒளிபுகும் தாளை அதன்மேல் வைத்து ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் பசை நீரில் கரையாதபடி இறுகும். கறுப்பு மறைத்த இடத்தில் பசை இறுகாது. தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போகும். அந்தத் திறந்த கண்கள் வழியாகத்தான் பிறகு மை இறங்கி அழைப்பிதழில் மணமக்களின் பெயராக விழுகிறது.

ஒளியால் பசை இறுகும் விந்தை புதிதன்று. பொட்டாசியம் டைகுரோமேட்டில் தோய்த்த தாள் ஒளியில் நிறம் மாறுவதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மங்கோ பான்டன் 1839இல் கண்டார். அதைச் சேர்த்த ஜெலட்டின், ஒளி பட்டதும் கரையாத தன்மை அடைவதை 1852இல் டால்பட் கண்டறிந்து பயன்படுத்தினார். நம் ஊர்ச் சிறு கடைகளிலும் டைகுரோமேட் நெடுங்காலம் புழங்கிற்று. அது தோலைப் புண்ணாக்கும். புற்றுநோய்க்கும் காரணமாகும் நஞ்சு. டையசோ போன்ற வேறு பொருள்கள் வந்துவிட்ட பிறகும் அதைக் கையுறையின்றிக் கலக்குவது துணிச்சல் அன்று, அறியாமை.

இந்தப் பூச்சு முழுதும் காயாமல் ஒளி காட்டினால் என்ன ஆகும்? பசையின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதுதான் இறுகுதல். இடையில் நீர் புகுந்து நின்றால் அவை கைகோக்க முடியாது. ஒளியின் பலனில் பாதி நீரோடு வீணாகும். விளைவு, கழுவும்போது இறுக வேண்டிய இடமும் பிய்த்துக்கொண்டு போகும். படம் முழுக்க ஊசித் துளைகள். துணியைச் சுரண்டி, கழுவி, மறுபடி பூசி, மறுபடி காயவைக்க வேண்டும். நாளை காலை முகூர்த்தப் பத்திரிகை தர வேண்டியவருக்கு இது பெரிய நஷ்டம்.

சூடேற்றலாமா என்றால், பூச்சுக்கும் மீனைப்போலவே ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்தொழிலில் பொதுவான விதி. மீறினால் ஒளியே படாமல், இருட்டிலேயே பசை இறுகத் தொடங்கும்; பிறகு கழுவினாலும் படம் திறக்காது. தலைமுடி உலர்த்தும் கருவியை மிக அருகில் பிடித்து அவசரப்படுபவர்கள் இந்தத் தொல்லையில் மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் வைக்கவோ கூடவே கூடாது. வெயில்தான் ஒளியாயிற்றே!

ஆகவே கடைக்காரர் திரைகளை மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் ஒரு சிறு அறையில் அடைத்து, மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்துகிறார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கணக்குப் போடுவோம். அறை இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 10 கனமீட்டர் காற்று. 30 டிகிரி, 80 சதவிகித ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டரில் மீதி இடம் 6 கிராம். அறை முழுவதற்கும் 60 கிராம். ஒரு திரை 10 கிராம் நீரை வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு திரையோடு அறை தெவிட்டிவிடும். அதற்கு நெடுநேரம் முன்பே காய்வது மந்தமாகிவிடும். பிறகு விசிறி இரவு முழுதும் சுழன்றாலும் ஈரக் காற்றையே திருப்பித் திருப்பித் திரைமேல் வீசும். கதவை ஒளிக்காகச் சாத்தினார். ஈரத்துக்கும் சேர்த்துச் சாத்திவிட்டார்!

வழி என்ன? மேலே பார்த்த நவம்பர்க் காலையின் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரி, 95 சதவிகிதம், மீதி இடம் ஒன்றேகால் கிராம்கூட இல்லாத காற்று. அதை ஒரு சிறு மின்அடுப்பால் 36 டிகிரிக்குச் சூடேற்றினால் எல்லை ஏறத்தாழ 42 கிராமாக உயர்கிறது. உள்ளே இருப்பது அதே 23 கிராம். ஒப்பு ஈரப்பதம் 56 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது; மீதி இடம் 18 கிராமுக்கு மேல். பதினைந்து மடங்கு! அதுவும் 40 டிகிரி என்ற எல்லையைத் தொடாமலே. ஆனால் ஒரு நிபந்தனை: சூடேறிய காற்று திரையைக் கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு, மறுபக்கம் வெளியே போய்விட வேண்டும். ஒரு பக்கம் ஒளி புகாதபடி மடிப்பு வைத்த காற்று வழி, மறுபக்கம் காற்றை வெளியே தள்ளும் விசிறி. உண்மையில் இடம் முழுவதும் பயன்படுவதில்லை. நீர் ஆவியாகும்போது காற்றும் குளிர்ந்து அதன் எல்லை சுருங்கும். ஆனாலும் ஆதாயம் ஆதாயமே. பூச்சை மெல்லியதாகப் பூசுவது, திரையைப் படுக்கை வசமாக வைப்பது போன்ற கைப்பழக்கங்களும் இதனோடு சேர்ந்தால், மழை நாளிலும் வேலை ஓடும்.

இன்னொரு வழியும் உண்டு. காற்றின் கொள்ளளவைக் கூட்டாமல், உள்ளே இருக்கும் நீரையே பிழிந்து எடுத்துவிடுவது. இதற்கும் ஓர் அச்சகம்தான் காரணமாயிற்று. 1902ஆம் ஆண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் வண்ணப் படங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. ஒரு வண்ணம் அச்சிட்டு அடுத்த வண்ணம் அச்சிடுவதற்குள் தாள் ஈரக் காற்றில் நீரை உறிஞ்சிச் சற்றே விரிந்துவிடும். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. தீர்வு காணும் வேலை வில்லிஸ் காரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்கள்மேல் காற்றைச் செலுத்தினால், காற்று தெவிட்டும் நிலைக்குக் கீழே குளிர்ந்து, மிகுதி நீரைத் துளிகளாகக் கொட்டிவிடும் என்று அவர் கணக்கிட்டார். ஏ.சி. இயந்திரம் பிறந்தது மனிதரைக் குளிர்விக்க அன்று, காகிதத்தைக் காப்பாற்ற! சென்னையில் கட்டடங்களின் வெளிச்சுவரில் ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டுகிறதே தண்ணீர், அது அறைக் காற்றிலிருந்து பிழிந்தது. அச்சுக் கடையில் வைக்கும் ஈரநீக்கிப் பெட்டியும் இதையேதான் செய்கிறது.

உலர்ந்த காற்று இயற்கையிலேயே கிடைத்த ஊர்களும் உண்டு. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் வேரூன்றியதற்கும், பிறகு அச்சகங்கள் பெருகியதற்கும், மழை குறைந்த அந்த வறண்ட வானிலை பெரிய துணை. விவசாயிக்குச் சாபமாக இருந்த காற்று, தீக்குச்சிக்கும் அச்சு மைக்கும் வரமாயிற்று.

உப்பு செய்யும் உதவியும் உபத்திரவமும்

ஏரிக்கரையில் ஏ.சி. வைக்க முடியாது. அங்கே முதல் துணை உப்பு. மீனைக் கீறி உப்பில் அடுக்கினால் சவ்வூடு பரவலால் சதையின் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. எஞ்சிய நீரிலும் உப்பு கரைந்து நிற்பதால் பாக்டீரியாவுக்கு அது பயன்படுவதில்லை. வெயில் வரும்வரை உப்பு காவல் காக்கும்.

ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், தூய சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்பளத்துக் கல்லுப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருக்கும். அவை அதற்கும் முன்பே நீரை இழுக்கும். எனவே உப்பிட்ட கருவாடு 75 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் காயாது. காய்ந்திருந்தாலும் மறுபடி கசியும். மழைக்காலத்தில் வீட்டுப் பரணில் இருக்கும் கருவாடு பிசுபிசுப்பது இதனால்தான்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். பகலில் 30 டிகிரி, 80 சதவிகிதம் என்றிருந்த காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தெவிட்டிவிடும். திறந்த மணலில் கிடந்தால், பகலெல்லாம் விட்ட நீரில் ஒரு பகுதியைக் கருவாடு இரவில் பனியாகத் திரும்பக் குடிக்கும். பொழுது சாயும்போது கருவாட்டை வாரிக் குவித்து மூடி வைக்கிறார்களே, அது பனிக்கும் நாய்க்கும் அஞ்சி மட்டுமன்று. குவியலுக்குள் இரவெல்லாம் இருக்கும்போது நடுச்சதையின் நீர் மெல்ல மேல்பரப்புக்கு ஊர்ந்து வருகிறது. மறுநாள் வெயிலில் பரப்பியதும் அது எளிதாகப் போய்விடும். ஓடுபோல் இறுகும் கேட்டுக்கும் இதுவே மாற்று.

வெயில் உண்டு, காற்று மட்டும் ஈரம் என்ற நாட்களுக்கு ஒரு கருவி இருக்கிறது. வங்காள தேசத்தில் செய்து பார்த்து 1977இல் வெளியிடப்பட்ட பாலித்தீன் கூடார உலர்த்தி மிக எளியது. மூங்கில் சட்டத்தின்மேல் ஒளிபுகும் பாலித்தீன் தாள். உள்ளே கறுப்புத் தாள். கீழே காற்று நுழைய ஒரு திறப்பு. உச்சியில் வெளியேற ஒரு திறப்பு. வெயில் உள்ளே புகுந்து காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்று மேலே எழுந்து வெளியேற, புதுக் காற்று கீழே நுழைகிறது. பத்து டிகிரி சூடேறிய காற்று என்ன செய்யும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். ஈயும் உள்ளே வர முடியாது. வந்து முட்டையிட்டாலும் புழு அந்தச் சூட்டில் பிழைப்பதில்லை. திறப்புகளைச் சுருக்கிவிட்டால் மட்டும் மீன் வெந்துபோகும். அளவு கைப்பழக்கத்தில் வர வேண்டும்.

மேகம் மூடிய நாளில் இந்தக் கூடாரம் வெறும் குடைதான். அதற்காகச் சூரிய வெப்பத்தோடு மின்சாரமோ எரிவாயுவோ துணை நிற்கும் உலர்த்திகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் வடிவமைத்திருக்கிறது. ஒரு குடும்பம் தனியாக வாங்குவதற்கு அவை விலை மிகுந்தவை. குப்பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து வைத்துக்கொண்டால்தான் கட்டும். இதில் பௌதிகத்தைவிடப் பணத்தின் கணக்கே கடினம்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவு காட்டும் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ணத் தண்ணீரில் இருக்குமாறு தொங்கவிடுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து ஐந்து நிமிடம் நன்றாக விசிறுங்கள். துணியிலிருந்து நீர் ஆவியாவதால் ஈரக் குமிழ் குளிரும். காற்றின் தாகம் எவ்வளவோ, அவ்வளவு இறங்கும். உலர் குமிழ் 30 டிகிரி காட்டும்போது ஈரக் குமிழ் 22 என்றால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவிகிதம். 25 என்றால் 67. 27 என்றால் 80க்குச் சற்றுக் கீழே. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்று தெவிட்டிவிட்டது.

அதே மேசையில் இரண்டு தட்டுகள் வையுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி கல்லுப்பு, மற்றொன்றில் ஒரு கரண்டி தூள் உப்பு. காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளை வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்து, உப்பையும் விரலால் தொட்டுப் பார்த்து எழுதி வாருங்கள். ஐப்பசியில் ஒரு வாரம், மாசியில் ஒரு வாரம் செய்தால் போதும். எந்தத் தட்டு முதலில் நனைகிறது, அப்போது ஈரப்பதம் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள்.